ஒரு யூனிட் கல்லில் எவ்வளவு கல்?

வீட்டின் முன்புறம் நூறு சதுர அடி நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் அழகான கற்களைப் பரப்பி, நடுவே சில செடிகளை வைக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். எவ்வளவு கல் வாங்குவது? "ஒரு யூனிட் இறக்கச் சொல்லுங்கள், சரியாக இருக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். லாரி வரும், கல் இறங்கும். கால் பங்கே போதும் என்பது பரப்பி முடித்த பிறகுதான் தெரியும். மீதி முக்கால் பங்கு வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். பணமும் போயிற்று, எங்கோ ஒரு பாறை வீணாக உடைபட்டதும் ஆயிற்று.

இந்தக் கணக்குக்குப் பெரிய பொறியாளர் தேவையில்லை. நீங்கள் வகுப்பில் படித்த கன அளவு, அடர்த்தி, வட்டத்தின் பரப்பு ஆகியவையே போதும். ஓர் அளவு நாடாவும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நீளம், அகலம், கனம்

நம் ஊரில் ஜல்லி, மணல் போன்றவற்றை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மீட்டர் முறையில் சொன்னால் 2.83 கன மீட்டர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கற்பரப்பு 20 அடி நீளம், 5 அடி அகலம் என்று கொள்வோம். பரப்பு 100 சதுர அடி. எவ்வளவு கனத்துக்குப் பரப்ப வேண்டும்? கல்லின் அளவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு கனம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் இடையிடையே மண் தெரியும்; களையும் முளைக்கும். கட்டட வேலையில் முக்கால் இஞ்சு ஜல்லி என்பது ஏறத்தாழ 20 மில்லி மீட்டர் கல். ஒன்றரை இஞ்சு ஜல்லி என்பது 40 மில்லி மீட்டர் கல். முதலாவதற்கு 2 இஞ்சு கனம் போதும். இரண்டாவதற்கு 3 இஞ்சு வேண்டும்.

நாம் 3 இஞ்சு கனம் எடுத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 20 × 5 × 3 = 300 என்று பெருக்கிவிட்டு மூன்று யூனிட் கேட்பவர்கள் உண்டு! நீளமும் அகலமும் அடியில் இருக்கின்றன. கனம் இஞ்சில் இருக்கிறது. மூன்று இஞ்சு என்றால் கால் அடி. ஆகவே,

20 × 5 × ¼ = 25 கன அடி.

அதாவது கால் யூனிட். மண்ணுக்குள் அமிழ்வதற்கும் ஓரங்களில் சிதறுவதற்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 27.5 கன அடி. இதற்கு மேல் வாங்குவது வீண்.

வட்டமும் வளைவும்

எல்லா இடமும் செவ்வகமாக இருக்காது. மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பரப்ப வேண்டும் என்றால் என்ன செய்வது? வட்டத்தின் ஆரம் 3 அடி என்று கொள்வோம். மரத்தின் அடிப்பகுதியை ஒட்டிக் கல்லைக் குவிக்கக் கூடாது. பட்டையில் ஈரம் தங்கி அழுகல் ஏற்படும். எனவே நடுவில் 1 அடி ஆரத்துக்கு இடம் விட்டுவிடுவோம். மீதி இருப்பது ஒரு வளையம். அதன் பரப்பு 3.14 × (9 – 1) = 25.1 சதுர அடி. 3 இஞ்சு கனத்துக்கு 6.3 கன அடி கல் போதும்.

இடம் வளைந்து நெளிந்து போனால்? ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்ற அளவில் வரைபடத் தாளில் அதன் உருவத்தை வரையுங்கள். முழுக் கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் உள்ளவற்றை ஒன்று என்று கொள்ளுங்கள். பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுங்கள். இலையின் பரப்பைக் காண நீங்கள் வகுப்பில் செய்த அதே முறைதான்.

கல் வந்து இறங்கும் நாளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. லாரிப் பெட்டியின் உட்புறம் 8 அடி நீளம், 5 அடி அகலம் என்றால், கல் இரண்டரை அடி உயரத்துக்கு இருந்தால்தான் ஒரு யூனிட். மூன்றே இஞ்சு குறைந்தால் 10 கன அடி குறைந்துவிடும்! வழியில் குலுங்கி வரும் கல் நெருங்கி அமர்ந்து சற்றுக் கீழே இறங்குவதும் உண்டு. எனவே ஏற்றும் இடத்து அளவும் இறக்கும் இடத்து அளவும் சிறிது வேறுபடலாம்.

வாளிச் சோதனை

இப்போது ஒரு கேள்வி. 25 கன அடி கல் வாங்கினோம். அதில் உண்மையில் கல் எவ்வளவு?

ஒரு 10 லிட்டர் வாளியில் கற்களை விளிம்பு மட்டத்துக்கு நிரப்புங்கள். கற்களை முன்னதாகவே நனைத்துத் துடைத்து வைத்துக்கொண்டால், அவை நீரை உறிஞ்சுவதால் வரும் பிழை குறையும். இனி ஒரு லிட்டர் குவளையால் அளந்து அளந்து, விளிம்பைத் தொடும் வரை நீர் ஊற்றுங்கள். 4.2 லிட்டர் நீர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் எங்கே போயிற்று? கற்களுக்கு இடையே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் வாளியில் இருந்த கல் 10 – 4.2 = 5.8 லிட்டர் மட்டுமே. நூற்றுக்கு 42 பங்கு வெறும் காற்று!

நீரை வடித்துவிட்டுக் கற்களை இரண்டு தடவையாக எடை போடுங்கள். மொத்தம் 15.4 கிலோகிராம் இருந்தால், கல்லின் அடர்த்தி 15.4 ÷ 5.8 = 2.66. அதாவது கல், தன் கன அளவுள்ள நீரைப் போல் 2.66 மடங்கு கனமானது. கருங்கல்லுக்கு ஏறத்தாழ இந்த அளவுதான் கிடைக்கும். ஆனால் குவியலாகப் பார்த்தால் ஒரு லிட்டர் குவியலின் எடை 1.54 கிலோகிராம்தான். முதலாவது கல்லின் அடர்த்தி. இரண்டாவது குவியலின் அடர்த்தி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கல்லைச் சில கடைகளில் மூட்டைக் கணக்கில் விற்கிறார்கள். அங்கே நமக்கு உதவுவது குவியலின் அடர்த்திதான். 25 கன அடி என்பது 708 லிட்டர். 708 × 1.54 = 1,090 கிலோகிராம். பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 1,200 கிலோகிராம். 50 கிலோகிராம் மூட்டை என்றால் 24 மூட்டை. ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரம் என்பதைக் கவனித்தீர்களா? தரையில் கவலையில்லை. மொட்டை மாடியில் பரப்ப ஆசைப்பட்டால், கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு கூடை கல்லைக்கூட மேலே ஏற்றக் கூடாது.

கெப்ளரின் குண்டுகள்

சிறிய கற்களாக வாங்கினால் இடைவெளி குறையும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கோலிக்குண்டுகளால் ஒரு வாளியை நிரப்புங்கள். பிறகு அதே வாளியைச் சிறு பாசிமணிகளால் நிரப்புங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர்தான் பிடிக்கும்! கற்கள் சிறியவை ஆகும்போது ஒவ்வோர் இடைவெளியும் சிறிதாகிறது. ஆனால் இடைவெளிகளின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. மொத்தத்தில் விகிதம் மாறுவதில்லை.

சம அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்ற கேள்வி பழமையானது. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர் 1611-இல் இதைப் பற்றி எழுதினார். பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்கி வைக்கிறார்களே, அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்பது அவர் கருத்து. அப்படி அடுக்கினால் இடத்தில் நூற்றுக்கு 74 பங்கு நிரம்பும். சொல்வதற்கு எளிதான இதை நிறுவ ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின. தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1998-இல், கணிப்பொறியின் துணையோடு நிறுவலை அறிவித்தார். உருண்டைகளை அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் நூற்றுக்கு 64 பங்கு வரைதான் நிரம்பும். நம் வாளியில் 58 பங்கு நிரம்பியதில் வியப்பில்லை. ஜல்லி உருண்டையும் அல்ல, நாம் அதைக் குலுக்கவும் இல்லை.

இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. பெரிய கல்லின் சந்தில் சிறிய கல், சிறிய கல்லின் சந்தில் மணல் என்று பல அளவுகளைக் கலக்க வேண்டும். கான்கிரீட்டின் இரகசியம் இதுவே. ஜல்லியின் இடைவெளியை மணலும், மணலின் இடைவெளியைச் சிமெண்டும் அடைக்கின்றன. ஆனால் தோட்டத்துக்கு நேர் எதிரானது வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இடைவெளி செய்யும் வேலை

நம் 100 சதுர அடிக் கற்பரப்பில் 708 லிட்டர் குவியல் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 42 பங்கு, அதாவது ஏறத்தாழ 300 லிட்டர் இடைவெளி. திடீரென்று கனமழை கொட்டுகிறது. மண் உடனே அவ்வளவு நீரையும் குடித்துவிடாது. அப்போது இந்த 300 லிட்டர் இடமும் ஒரு தொட்டியாகிறது. அந்தப் பரப்பில் 3 சென்டி மீட்டர் மழை பெய்தாலும் அது வெளியே ஓடாமல் தங்கி, மெல்ல மெல்ல மண்ணில் இறங்கும். அதே இடத்தில் சிமெண்டுத் தரை போட்டிருந்தால் நீர் முழுவதும் சாக்கடைக்குப் போயிருக்கும்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. நூறு சதுர அடியில் விழும் மழை மட்டும் 13,000 லிட்டர்! தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைக் குழாய் வழியே மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடுவது பொருத்தமாகுமா?

ஆகவே கற்பரப்புக்கு ஒரே அளவுள்ள கல்லைத் தேர்ந்தெடுங்கள். தூசியும் பொடியும் இருந்தால் கழுவிவிட்டுப் பரப்புங்கள். இல்லாவிட்டால் இடைவெளி அடைபட்டுவிடும். களை வராமலிருக்கச் சிலர் அடியில் பாலிதீன் தாள் விரிக்கிறார்கள். அது களையோடு நீரையும் தடுத்துவிடும். நீர் இறங்கக்கூடிய துணி போன்ற விரிப்புகள் கிடைக்கின்றன, அவையே ஏற்றவை.

கற்பரப்பு மண்ணின் ஈரம் ஆவியாவதையும் குறைக்கிறது. ஸ்பெயின் நாட்டுக்கு உரிய லான்சரோட்டே தீவில் 1730 முதல் 1736 வரை எரிமலை குமுறி, வயல்களை எரிமலைச் சரளையால் மூடிவிட்டது. அழிவு என்று எண்ணிய அந்தச் சரளையே அடிமண்ணின் ஈரத்தைக் காக்கிறது என்பதை உழவர்கள் கண்டுகொண்டார்கள். மழை மிகக் குறைந்த அந்தத் தீவில், சரளையில் குழி பறித்து இன்றும் திராட்சை பயிரிடுகிறார்கள்.

எந்தக் கல் எதற்கு?

உருண்டைக் கூழாங்கல் கண்ணுக்கு அழகு; காலுக்கு ஆபத்து. மிதித்தால் ஒன்றின் மேல் ஒன்று உருளும். கூர்முனையுள்ள ஜல்லி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இருப்புப் பாதையின் அடியில் கூழாங்கல்லைப் போடாமல் உடைத்த ஜல்லியைப் போடுவது இதனால்தான். எனவே நடைபாதைக்குச் சிறு ஜல்லி, செடி ஓரத்துக்குக் கூழாங்கல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

வெள்ளைக் கல் வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும். வெங்கச்சாங்கல்லும் வெள்ளை, சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் வெள்ளை. முதலாவது சிலிகா. மற்ற இரண்டும் கால்சியம் கார்பனேட். கால்சியம் கார்பனேட் மழை நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். கார மண்ணில் இரும்புச் சத்தை வேர்கள் எடுத்துக்கொள்வது கடினம். இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அழகுக்காகப் போட்ட கல் செடியை வாட்டுகிறது!

இரண்டையும் பிரித்தறிய இரண்டு சோதனைகள் உண்டு. கல்லின் மேல் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ சில துளி விடுங்கள். சிறு குமிழிகள் வந்தால் அது கால்சியம் கார்பனேட். வெளிவருவது கார்பன் டை ஆக்ஸைடு. குமிழி தெளிவாகத் தெரியாவிட்டால் கல்லைச் சிறிது பொடித்துப் பாருங்கள். அடுத்தது கடினத்தன்மைச் சோதனை. ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படி அளவுகோலில் வெங்கச்சாங்கல் 7, சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3. கண்ணாடி ஏறத்தாழ 5.5. எனவே வெங்கச்சாங்கல் கண்ணாடித் துண்டில் கீறல் போடும், சுண்ணாம்புக்கல்லால் முடியாது. கண்ணாடியை மேசை மேல் வைத்துச் செய்யுங்கள், கையில் பிடிக்காதீர்கள்.

நிறமும் முக்கியம். கறுப்புக் கல் வெயிலை மிகுதியாக ஈர்த்துச் சுடும். வெள்ளைக் கல் ஒளியைத் திருப்பி அனுப்பிக் கண்ணைக் கூசச் செய்யும். புல் தன் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உலர்ந்த கல்லுக்கு அந்த வழி இல்லை. அதனால் முற்றம் முழுவதும் கல்லாக்கிவிட்டால் மாலையிலும் வீட்டு வாசல் அனலாக இருக்கும். மர நிழல் விழும் இடத்தில் கல்லைப் பரப்புவது நல்லது. ஒரு தட்டில் கறுப்புக் கல், மற்றொரு தட்டில் வெள்ளைக் கல் பரப்பி, இரண்டிலும் வெப்பமானியைக் கற்களுக்குள் புதைத்து வெயிலில் வையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கும், சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்தும் அளவைக் குறியுங்கள்.

கல் எங்கிருந்து வருகிறது?

சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் நீலச்சாம்பல் நிறப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னோக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் இந்தப் பாறை உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதே பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில்தான் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கால மனிதரின் கற்கருவியைக் கண்டெடுத்தார். மற்றவர்களுக்கு அது வெறும் சரளை!

கூழாங்கல்லின் கதை வேறு. மலையில் உடைந்த துண்டு ஆற்றில் உருண்டு, மற்றக் கற்களோடு உரசி, முனை மழுங்கி வழவழப்பாகிறது. அது நீண்ட காலத்து வேலை. ஆற்றுப் படுகையின் மணலும் கூழாங்கல்லும் சும்மா கிடக்கவில்லை. நம் வாளியில் கண்ட அதே இடைவெளிகளில் அவை வெள்ள நீரைப் பிடித்து வைத்து, கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டுகின்றன. அவற்றை அள்ளிவிட்டால் படுகை தாழ்கிறது; கிணற்று நீர்மட்டமும் தாழ்கிறது. வீட்டு முற்றத்தில் மழைநீரை இறக்குவதற்காக ஆற்றின் நீரைக் குறைப்பது என்ன கணக்கு?

மலைக்கும் இதே நியாயம் உண்டு. பாறைக் குன்றில் விழும் மழை வழிந்து, அடிவாரத்து ஏரி குளங்களை நிரப்புகிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக் குன்றுகளும் அவற்றை ஒட்டிய நீர்நிலைகளும் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. இடத்தை விட்டு அசையாத கல்லுக்கும் வேலை இருக்கிறது.

அப்படியானால் கல்லே வாங்கக் கூடாதா? வாங்கலாம், தேவைக்கு மட்டும். வாங்குமுன் ஆற்றுக் கல்லா, உடைத்த கல்லா, எந்திரத்தில் உருட்டி வழவழப்பாக்கிய கல்லா என்று கேளுங்கள். கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் கழிவுத் துண்டுகள் கிடைக்கும். பழைய வீடு இடித்த செங்கல், ஓடு ஆகியவையும் நன்றாகப் பயன்படும். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், உடைந்த பீங்கான், ஓடு, கட்டடக் கழிவு, பொறுக்கிய கற்கள் ஆகியவற்றைக் கொண்டே பல ஆண்டுகள் தனியாக உழைத்து ஒரு கல் தோட்டம் அமைத்தார். 1976-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தத் தோட்டத்தை இன்றும் திரளான மக்கள் பார்த்து வருகிறார்கள்.

செய்து பாருங்கள்

1. 12 அடி நீளம், 4 அடி அகலமுள்ள இடத்தில் 2 இஞ்சு கனத்துக்குக் கல் பரப்ப வேண்டும். பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால் எத்தனை கன அடி வேண்டும்? நம் வாளிச் சோதனையின் கல்லே என்றால், 50 கிலோகிராம் மூட்டைகள் எத்தனை?

2. வேறு ஒரு வகைக் கல் நிரப்பிய 10 லிட்டர் வாளியில் 4.5 லிட்டர் நீர் பிடித்தது. கற்களின் எடை 14.3 கிலோகிராம். இடைவெளி நூற்றுக்கு எவ்வளவு? கல்லின் அடர்த்தி என்ன?

3. உங்கள் பள்ளி வளாகத்தில் மழை நீர் தேங்காமல் வழிந்து ஓடும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே 5 சென்டி மீட்டர் மழையைப் பிடித்து வைக்க எவ்வளவு கனத்துக்குக் கல் பரப்ப வேண்டும்? உங்கள் ஊர் ஜல்லியை வாளியில் சோதித்து, அந்த எண்ணைக் கொண்டே கணக்கிடுங்கள்.

விடைகள்: 1. 8.8 கன அடி, 8 மூட்டை. 2. 45 பங்கு, 2.6. 3. இதற்கு விடை உங்கள் வாளியில்தான் இருக்கிறது. நூற்றுக்கு 42 பங்கு இடைவெளியுள்ள கல் என்றால், ஏறத்தாழ 12 சென்டி மீட்டர்.